பாட்டுக்கு முன்னால் வந்த குரல்

7 மார்ச் 1993, ஞாயிறு

காலையில் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டாள்: “பிள்ளை, அவன்ரை குரல் எப்பிடி இருக்கும்? முகம் வருது. குரல் வருதில்லை.”

அண்ணாவைப் பற்றி அம்மா வாய் திறந்து எத்தனையோ வருஷம். கஞ்சி போர்வையில் சிந்திவிட்டது. இதயம் பலவீனம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன வாரத்தில் இந்தக் கேள்வி.

8 மார்ச்

குரல் இருந்தது. ஒரே ஒரு இடத்தில்.

அண்ணா ஐயாத்துரை ‘ப்ரவுன் ஃபெரி’ ராக் குழுவில் டிரம்ஸ் அடித்தவன். எழுபத்து மூன்றில் அவர்கள் போட்ட ஒரே இசைத்தட்டு. அதில் முதல் பாட்டுக்கு முன்னால் “ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு” என்று எண்ணுவான். இங்கிலீஷ் பாட்டுக்கு, எங்கள் வீட்டு யாழ்ப்பாணத் தமிழில்! அவ்வளவுதான் அவன் குரல். மற்றதெல்லாம் குச்சிச் சத்தம். எழுபத்தைந்தில் நிபோங் திபாலில் வாசித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது லாரி மோதி இறந்துபோனான்.

அந்த வருஷம் முழுக்க அம்மா “இன்னொருக்காப் போடு” என்பாள். நான் ஊசியை அதே இடத்தில் வைப்பேன். வைத்து வைத்து அந்த இடம் தேய்ந்தே போயிற்று. இப்போது போட்டால் வெறும் சரசரப்பு. அதற்குப் பிறகுதான் அம்மா அவன் பேச்சையே எடுக்காமல் விட்டாள்.

12 மார்ச், வெள்ளி

வேலை முடிந்து சூலியா தெரு வழியாக பஸ்ஸுக்கு நடந்தேன். நூர் முகம்மதுவின் கேசட் கடைக் கண்ணாடியில் அண்ணா தட்டின் அதே அட்டைப்படம், சின்னதாக! இருபதாம் ஆண்டு வெளியீடு, சி.டி. நாளை மத்தியானம் கடையிலேயே பழைய ரசிகர்கள் கூடிக் கேட்கப் போகிறார்களாம்.

அம்மாவிடம் மூச்சு விடவில்லை. முதலில் நான் கேட்கிறேன்.

13 மார்ச், சனி

எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் —

சி.டி. சுழன்றது. நேரே கிதார் வந்துவிட்டது. எண்ணிக்கை இல்லை. வெட்டிவிட்டார்கள்.

ரோஹானா என்ற டீச்சருக்கு ஒரே சந்தோஷம். துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது என்று மலாயில் சொன்னாள். நூர் முகம்மதுவும், “பழைய தட்டுல இரைச்சல்தான்லா. இப்பதான் பாட்டு கேக்குது” என்றார். ஜெலுத்தோங்கில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் முனுசாமி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

“தேய்ச்சுக் கழுவிட்டானுங்கண்ணே. அந்த ஒண்டு ரெண்டு எங்க போச்சு?”

“யாரோ ஒருத்தன் எண்ணுறான். அது பாட்டா?” என்றார் நூர் முகம்மது.

யாரோ ஒருத்தன்! எனக்குப் பொறுக்கவில்லை. “அது எங்கட அண்ணா” என்றேன். அம்மா கேட்டதையும் சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னால் அழுதேன். ரோஹானா எழுந்து சி.டி.யை நிறுத்தினாள். நூர் முகம்மது தலையைக் குனிந்துகொண்டு, “தெரியாமப் போச்சு தங்கச்சி” என்றார். எனக்கு மானம் போய்விட்டது. வந்துவிட்டேன்.

14 மார்ச்

அம்மா இன்று கஞ்சி வேண்டாம் என்றுவிட்டாள்.

20 மார்ச், சனி

நூர் முகம்மது ஆபீசுக்கு போன் போட்டு வரச் சொன்னார். போனால், ஆளுக்கொரு பழைய தட்டு கொண்டுவந்திருக்கிறார்கள்! ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். எல்லாவற்றிலும் அதே சரசரப்பு. எல்லோரும் ஊசியை வைப்பது அந்த இடத்தில்தானே.

முனுசாமி பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். பிளாஸ்டிக் உறை பிரிக்காதது. அந்தக் காலத்தில் இரண்டு வாங்கினாராம், கேட்க ஒன்று, வைத்துக்கொள்ள ஒன்று.

“பிரிச்சா மதிப்பு போயிடும்டா. கோலாலம்பூர்க்காரன் விலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்கான்ல” என்றார் நூர் முகம்மது.

“இருவது வருஷமா அட்டையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். அம்மா கேக்கட்டும்ணே.”

கத்தியால் உறையைக் கீறினார். எனக்குப் பயமாக இருந்தது, அதிலும் இல்லாவிட்டால்? கேசட்டில் பதிகிறபோது கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். அம்மாதான் முதலில் கேட்க வேண்டும். முனுசாமி கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்து, “இருக்குதுக்கா” என்றார். அவர் கண் சிவந்திருந்தது.

21 மார்ச், ஞாயிறு

அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்துப் போட்டேன்.

முதலில் ஒரு செருமல். அது எனக்கு நினைவிலேயே இல்லை. அதுதான் முதலில் தேய்ந்திருக்கும். பிறகு ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. நிறுத்தினேன்.

அம்மா கோபமாக, “தொண்டை கட்டியிருக்கு அவனுக்கு. தலை துவட்டாமல் போறவன். சொன்னால் கேட்டால்தானே” என்றாள்.

பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு அண்ணாவுக்கு ஏச்சு விழுந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

“இன்னொருக்காப் போடட்டே அம்மா?”

“வேண்டாம். தேஞ்சு போகும். வாற ஞாயிறு போடு.”

கேசட் அப்படியெல்லாம் தேயாது என்று சொல்ல வாயெடுத்தேன். கேசட்டைப் பெட்டியில் போட்டு மூடினேன்.

26 மார்ச், வெள்ளி

“இண்டைக்கு ஞாயிறோ?” என்று கேட்டாள். இல்லையம்மா என்றேன். கஞ்சியை வாங்கிக் குடித்தாள்.