எட்டரை மணிக்கு ஒரு பச்சை டிக்

திண்டிவனம்,
தை மாதம், ஞாயிறு காலை

அன்பு மகள் சன்மதிக்கு அம்மா சந்திரவதி எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், ஆம்ஸ்டர்டாம் குளிரில் நீயும் மாப்பிள்ளை ஸ்ரேயாஸும் சளி இருமல் இல்லாமல் இருக்க அருகன் அருள வேண்டும். வாரா வாரம் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, இதென்ன புதுசாகக் காகிதம் என்று நீ கேட்பாய். வீடியோவில் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், ஸ்பீக்கரை அணைக்க மாட்டார், அவர் காதுபட இதைச் சொல்ல முடியாது. போனில் அனுப்பலாம் என்றால் என் போனையும் அவர்தான் கண்ணாடி மாட்டிக்கொண்டு முதலில் படிக்கிறார். அதனால்தான் தபால். முழுக்கப் படி, நடுவில் பதறாதே, இப்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

முதலில் நீ அனுப்பிய சாமான்களின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கிறதே, அதைச் செய்த மகராசன் ஜென்மத்தில் ஒரு டம்ளர் பால் காய்ச்சியிருக்க மாட்டான். திருகுவதற்கு ஒன்றும் கிடையாது, கண்ணாடிமேல் வெறும் படம். சமைக்கிறவள் கை ஈரமாகத்தான் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியாதா? ஈரக் கையால் தொட்டால் கேட்காது, கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் பால் பொங்கி அந்தப் படத்தின் மேலேயே வழிகிறது, வழிந்த பாலை விரல் என்று எண்ணிக்கொண்டு தானாகச் சூட்டை ஏற்றுகிறது. நான் அதை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டேன், கேட்டால் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். துணி துவைக்கும் மெஷின் வேலை முடிந்ததும் பாட்டுப் பாடுகிறது, பாடி முடிக்கிறவரை மூடியைத் திறக்க விடுவதில்லை, நான் என்ன கச்சேரி கேட்கவா அதை வைத்திருக்கிறேன். எதிர்வீட்டு சித்ரா கேமரா வைத்த காலிங்பெல் மாட்டியிருக்கிறாள், அதை அழுத்தினால் அவள் போனில் மணி அடிக்குமாம். போன் உள்ளே சார்ஜில் கிடக்கிறது, பால்காரர் கேமராவுக்கு முகத்தைக் காட்டிக்காட்டிச் சலித்துப்போய் அக்கா அக்கா என்று மதில்மேல் எக்கிக் கத்துகிறார்.

நம் ஒலக்கூர் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் பூவரசனும் கெட்டுப்போனான். மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச மோட்டாரைப் போனிலேயே போடுகிற கருவி ஒன்று வாங்கியிருக்கிறான். போன வாரம் போயிருந்தேன், கிணற்றடியில் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு போனைத் தலைக்குமேல் தூக்கி வரப்பில் இங்கும் அங்கும் ஓடுகிறான். என்னப்பா என்று கேட்டால், "இன்னாம்மா பண்றது, ஆப்பு சுத்திக்கினே கீது, சிக்னல் வந்தா ஜல்தியா போட்ரலாம்" என்கிறான். கையை நீட்டி சுவிட்சைத் தட்டேன் என்றேன், கருவி மாட்டிய பிறகு சுவிட்ச் வேலை செய்யாதாம். இருக்கிற நல்ல வழியை அடைத்துவிட்டுத்தான் புது வழி திறக்கிறார்கள், எந்த ஊர் புத்திசாலித்தனமோ தெரியவில்லை. ஒரு சாமான் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நம் வீட்டுப் பழைய குக்கரைக் காட்டுவேன். அதற்கு ஒரு சத்தம்தான், அந்தச் சத்தத்துக்கு ஒரு அர்த்தம்தான், தூக்கத்தில் கேட்டாலும் கை அடுப்புக்குப் போகும்.

இப்போது உன் மாத்திரைப் பெட்டிக்கு வருகிறேன். கார்த்திகையில் பார்சல் வந்ததும் அப்பா அதைத் துடைத்துத் துடைத்து சாமி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தார், என் பெண் கம்பெனியில் செய்தது என்று தபால்காரரிலிருந்து எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். மாத்திரையை நான் நிரப்பினேன், நேரத்தை நீ அங்கிருந்தே உன் போனில் வைத்தாய், நேரம் வந்தால்தான் மூடி திறக்கும், திறந்து மூடினால் உனக்குப் பச்சை டிக் வரும் என்றாய். ரொம்பச் சரி. ஆனால் அந்தப் பெட்டி எதற்கெல்லாம் சத்தம் போடுகிறது தெரியுமா? மாத்திரை நேரத்துக்குக் கீங், நெட் போனால் கீங், நெட் வந்தால் கீங், சார்ஜ் குறைந்தால் கீங், ஒன்றுமே இல்லாவிட்டாலும் நான் இருக்கிறேன் என்று ஒரு கீங். ஒரு வாரம் ஓடி ஓடிப் பார்த்தேன், அப்புறம் போ சனியனே என்று விட்டுவிட்டேன். சாயங்காலச் சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டோடு போட்டுக்கொள்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவரும் சாப்பிட்டு எழுந்ததும் பெட்டிப் பக்கம் போய் நின்றுவிட்டுத்தான் வருவார். நேரம் ஆகிவிட்டதா என்று பார்க்கத்தான் போயிருக்கிறார் என்பது எனக்கு எங்கே தெரியும்.

மார்கழியில் ஒருநாள் கேப்பை அடை சுட்டிருந்தேன், பசியில்லை என்று பாதி அடையோடு எழுந்துவிட்டார். வெளியில் வெளிச்சம் இருக்கும்போதே பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாயிற்று, நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா. மேல்சித்தாமூர் ஜைன மடத்தில் விரதம் எடுத்துக்கொண்ட நாளிலிருந்து பொழுது சாய்ந்தால் அவர் வாயில் தண்ணீர்கூட விடுவதில்லை. எட்டரைக்குப் பெட்டி கத்தியது, நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து கேட் பூட்டப் போனவர் உள்ளே வரவில்லை. போய்ப் பார்த்தால் அந்தப் பனியில் சட்டை தொப்பலாக நனைந்து, கை கால் நடுங்க, தரையில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது சன்மதி. சர்க்கரையைக் கரைத்துக் கொண்டு ஓடிவந்தேன், உதட்டை இறுக்க மூடிக்கொண்டு தலையை ஆட்டுகிறார், பொழுது போய்விட்டதாம். கும்பிட்டேன், அழுதேன், திட்டினேன், வாயைத் திறக்கவில்லை. சித்ராதான் தெருமுனைக்கு ஓடிப்போய் ஒரு ஷேர் ஆட்டோவை மறித்துக்கொண்டு வந்தாள்.

ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து கண் சொருகிக் கிடக்கிறார், அவர் சட்டைப் பையில் போன் கிணுகிணுவென்று பாடுகிறது. யாராவது கூப்பிடுகிறார்களோ என்று எடுத்துப் பார்த்தேன். வாழ்த்துகள், ஒரு மாதமாக ஒரு வேளைகூடத் தவறவில்லை என்று எழுதி, திரை முழுக்கக் கலர் காகிதம் தூவிக்கொண்டிருந்தது உன் ஆப். அதன் கீழேயே நீ அங்கிருந்து அனுப்பிய செய்தி, அப்பா சூப்பர் என்று கைதட்டுகிற பொம்மை. சித்ரா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, ஆளு இப்டி கெடக்காரு, இது பூத்தூவிக்கினு இருக்குது" என்றாள். அந்தப் போனைச் சாலையில் வீசியெறிந்திருப்பேன், உன் செய்தி அதில் இருந்ததால் பையில் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்ற ஊசி எடுத்தார்கள், மறுபடியும் தகராறு பண்ணுவாரோ என்று நான் பயந்தால், கண்ணை மூடிக்கொண்டே, "ஊசிதானே, வாயால போவலியே, ஏத்தச் சொல்லு" என்கிறார். அரை பாட்டில் இறங்கியதும் எழுந்து உட்கார்ந்து கேட்டை யார் பூட்டியது என்று கேட்டார். மறுநாள் விழுப்புரத்துக்கு அழைத்துப்போய் நம் டாக்டர் அந்தோணிசாமியிடம் காட்டினேன். அவர் நம் வழக்கம் தெரிந்தவர், சாயங்காலம் சாப்பிடும்போது அதோடு போடச் சொல்லித்தான் எழுதிக் கொடுத்திருந்தார். வெளிச்சத்தில் சாப்பிட்டுவிட்டு எட்டரைக்கு ஏன் மாத்திரை போட்டீர்கள், அதுவும் தண்ணீர்கூட இல்லாமல் என்று கேட்டதற்கு அப்பா சொன்ன பதிலைக் கேள். "பொண்ணு வெச்ச டைம் சார். அது ஏதாச்சும் யோசிச்சிதான் வெச்சிருக்கும்." மருந்துக்கு விரதத்தில் விலக்கு உண்டாம், தண்ணீருக்கு இல்லையாம், தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு ஒரு மாதமாக வெறும் எச்சிலில் விழுங்கியிருக்கிறார் மனுஷன். தலை கிறுகிறுக்கிறது என்று ஒருநாள்கூட வாய் திறக்கவில்லை. கல்யாணம் ஆன நாளாக நான் சொன்ன எதையாவது இப்படிக் கேட்டிருப்பாரா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அப்புறம்தான் அவர் போனில் உன் ஆப்பைத் திறந்து பார்த்தேன். காலைக்கு ஒரு சூரியன், மதியத்துக்கு ஒரு சூரியன், மூன்றாவதாக நிலா. மதியச் சூரியன் நான்கு மணியோடு நின்றுவிடுகிறது, நிலா எட்டுக்கு முன்னால் நகரவே மாட்டேன் என்கிறது, நடுவில் சாயங்காலம் என்று ஒன்று அந்த உலகத்திலேயே கிடையாது. இந்தப் பக்கத்தை வரைந்தது நான்தான் அம்மா என்று போன வருஷம் நீதான் பெருமையாகக் காட்டினாய், நானும் நிலா அழகாக இருக்கிறது என்றேன். அடுப்பு செய்தவனைத் திட்டலாம், அவன் யாரோ. பொழுதோடு சாப்பிட்டுவிட்டுப் பாடம் படிக்க உட்கார்ந்து வளர்ந்தவள் நீ. எவனோ எட்டு மணிக்குச் சாப்பிடுகிறான் என்று கணக்குப் பண்ணி உன் அப்பாவுக்கு நிலா வைத்தாயே, கை ஒரு நிமிஷம் நிற்கவில்லையா? கோபமாகத்தான் எழுதுகிறேன், வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது மாத்திரையைப் பெட்டியிலிருந்து நெம்பி எடுத்து அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன், சாயங்காலம் தட்டு வைக்கும்போதே மாத்திரையையும் வைத்துவிடுகிறேன், போட்டுக்கொள்கிறார், சர்க்கரை ஒழுங்காக இருக்கிறது. உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார், பொண்ணு மனசு ஒடிஞ்சிடும் என்றார், நான் சத்தியம் பண்ணவில்லை. உனக்கு ஒன்று சொல்கிறேன். முன்பெல்லாம் மாத்திரை போட்டாச்சா என்று கேட்கவாவது வார நடுவில் இரண்டு தரம் கூப்பிடுவாய், பெட்டி வந்த பிறகு அதுவும் நின்றுபோயிற்று. இங்கே பொழுது சாயும் நேரம் உனக்கு அங்கே மதியச் சாப்பாட்டு நேரம்தான். கூப்பிட்டு, சாப்பிட்டீங்களா அப்பா என்று நீயே கேள். இந்த விஷயம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அந்த ஆப்பில் சாயங்காலம் என்று ஒன்றைச் சேர், இல்லாவிட்டால் பெட்டி என்னிடம் கிராம்பு ஏலக்காய் போட்டு வைக்கத்தான் ஆகும். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் இருவரும் நோய் நொடி அண்டாமல் நூறு வயசு இருக்க வேண்டும்.

மறந்துவிட்டேனே, இன்னும் உனக்குத் தினமும் பச்சை டிக் வந்துகொண்டிருக்குமே, அது எப்படி என்று யோசிப்பாய். எட்டரைக்கு அந்தச் சனியன் கத்தியதும் அப்பா எழுந்து போகிறார், காலிப் பெட்டியின் மூடியைத் திறக்கிறார், மூடுகிறார், வந்து படுத்துக்கொள்கிறார். ஏன் என்று கேட்டேன். சிவப்பு வந்தால் நீ அங்கே பயந்துவிடுவாயாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
பு. சந்திரவதி