நரி வரும் கொல்லைப்பக்கம்

ஆலங்காயம்
8-6-2025

அன்புள்ள மாமாவுக்கு,

நதியா எழுதுகிறேன். நான் சுகம், மங்கம்மா அக்கா சுகம், அக்கா வீட்டு மாடும் சுகம். நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கு எது வந்து என்ன ஆகப்போகிறது! போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே சண்டை வந்து நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதி, ஜீப் ஓட்டும் பூபாலன் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். கடிதம் என்றால் நான் சொல்வதைக் கடைசி வரைக்கும் கேட்டே ஆக வேண்டும்.

விஷயம் என் பூனை. பலாப்பழக் காலம் வந்துவிட்டது. போன வருஷம் இதே காலத்தில் நம் வீட்டுக் கொல்லைப்பக்கம் நரி வந்து நின்றதை நானே பார்த்தேன். கேவுரு வீட்டுக்குள் தங்குகிற பூனையா என்ன? கேழ்வரகு நிறத்தில் கையளவு குட்டியாக வந்தவளைப் பேர் வைத்துப் பால் ஊற்றி வளர்த்தவள் நான். ஒரு கோழிக்கூடையில் வைத்து மூடிக் கட்டி ஜீப்பில் அனுப்பிவிடுங்கள்.

நான் எப்போது வருவேன் என்று அக்காவிடம் கேட்டீர்களாம். கொல்லைப்பக்கம் கதவு வைத்து ஒரு பாத்ரூம் கட்டுங்கள், அடுத்த ஜீப்பில் வந்துவிடுகிறேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்கிறேன். இருட்டு விழட்டும் என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும், ரோட்டோரப் புதரில் வண்டி வெளிச்சம் பட்டால் எழுந்து நிற்பதும், அதைப் பார்த்துப் பையன்கள் சிரிப்பதும் போதும், மாமா. நீங்கள் என்ன சொன்னீர்கள்? "நம்ம மலையில இன்னா பயம்? ஒன்னும் ஆவாது." பூனைக்கும் அதையே சொல்லாதீர்கள்.

இங்கே ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார வைத்திருக்கிறார்கள். வேலை பிடித்திருக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
நதியா


புதூர்நாடு
11-6-2025

அன்பு நதியாவுக்கு அர்ச்சுனன் எழுதிக்கொள்வது.

கடிதம் வந்தது. கடைசி வரைக்கும் படித்தேன், போதுமா?

நீ மலைக்குக் கீழே ஊர்ப்பக்கம் பிறந்தவள், நரியைப் பற்றி உனக்கு என்ன தெரியும்! இங்கே வருவது குள்ளநரி. பக்கத்தில் நிறுத்தினால் கேவுருவைவிடக் கொஞ்சம் உயரம், வால்தான் பெரிசு. வளர்ந்த பூனைமேல் அது வாய் வைக்காது. ஒரு கீறலில் கண் போய்விடும் என்று அதற்குத் தெரியும். எலி இருக்கிறது, நண்டு இருக்கிறது, ஈசல் இருக்கிறது, விழுந்த பலாப்பழம் இருக்கிறது. இவ்வளவையும் விட்டுவிட்டு வம்புக்கு ஏன் போகிறது? பெரிய நரியும் உண்டுதான். அது வந்தால் இவள் புளியமரத்தின்மேல் இருப்பாள். போன வாரம் என் கண்ணால் பார்த்தேன். கேவுரு துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறாள், குள்ளநரி எதிரே வந்து நிற்கிறது. இவள் முதுகைத் தூக்கி ஒரு சீறல். அது வந்த வழியே போய்விட்டது. பூனைக்குப் பயம் என்றால் நாய்தான். உங்கள் ஆலங்காயத்துத் தெருவில் எத்தனை நாய், எத்தனை பஸ்! அங்கே அனுப்பிச் சாகடிக்கச் சொல்கிறாயா?

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதே. நரி முகத்தில் விழித்தால் போகிற காரியம் ஜெயம். அதனால் சந்தைக்குப் போவதற்கு முதல் நாளே பலாச்சக்கையைக் கொல்லைப்பக்கம், சாமைத்தாள் போருக்கு ஓரமாகக் கொட்டி வைத்துவிடுகிறேன். விடியலில் கதவைத் திறந்தால் துரை நிற்கிறார்! ஜமுனாமரத்தூர் சந்தையில் கடையைப் பரப்பி முடிப்பதற்குள் பழம் தீர்ந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரன் சின்னக்குழந்தை வாயைப் பிளந்தான். "இன்னா மச்சான், நரி மொகத்துல முழிச்சியா?" என்றான். "ஆமாண்டா" என்றேன்.

கேவுரு நன்றாகச் சதை போட்டுவிட்டாள். எலி பிடிக்கக்கூட எழுந்திருப்பதில்லை. சாமைத்தாள் போரில் குழி பறித்துக்கொண்டு நாள் பூராவும் படுக்கை. என் கைச்சோறு அப்படி.

பாத்ரூம் கட்டலாம், யார் வேண்டாம் என்றது? புளி விற்று முடியட்டும். ஒன்றும் ஆகாது. பூனை வேண்டுமென்றால் நீயே வந்து தூக்கிக்கொண்டு போ.

அர்ச்சுனன்


ஆலங்காயம்
15-6-2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "இன்னாடி இது! பொட்டப் பூன வயிறு உப்பிப் போயி தாளுக்குள்ள குழி பறிக்குது, இந்த ஆளு தன் கைச்சோறுன்னு சொல்றாரே!" என்று சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது அவளுக்கு. கேவுரு குட்டி போடப்போகிறாள், மாமா. ஆடு சினை என்றால் நடையைப் பார்த்தே சொல்கிற ஆள் நீங்கள், பூனையிடம் கோட்டைவிட்டீர்களே!

வளர்ந்த பூனையை நரி தொடாது என்கிறீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். கண்ணால் பார்த்ததைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குட்டி வேறு கதை. கண் திறக்காத குட்டி கீறாது, மரம் ஏறாது. எலி தின்கிற வாய்க்கு எலியும் ஒன்றுதான், அதுவும் ஒன்றுதான். கேவுரு இரை தேடப் போகிற நேரம் போதும் நரிக்கு. அது போதாதென்று நீங்களே சக்கை வைத்து விருந்துக்குக் கூப்பிடுகிறீர்கள், அதுவும் அவள் குழி பறிக்கிற போருக்குப் பக்கத்திலேயே! சக்கையை இன்றைக்கே அள்ளி ஓடைக்கு அந்தப் பக்கம் கொட்டுங்கள். அவளைத் தூக்கி வீட்டுக்குள் விடுங்கள். பழம் விற்றது நரியால் இல்லை, நம் மரத்துப் பழம் தேனாக இருக்கும், அதனால்.

உங்கள்
நதியா


புதூர்நாடு
27-6-2025

நதியாவுக்கு,

கேவுரு போருக்குள்ளேயே மூன்று குட்டி போட்டாள். இப்போது இரண்டுதான் இருக்கிறது.

சக்கையை அள்ளியிருக்க வேண்டும். நாளைக்கு அள்ளலாம், நாளைக்கு அள்ளலாம் என்று இருந்தேன். அதற்குள் சந்தை நாள் வந்துவிட்டது, இந்த ஒரு தடவை மட்டும் என்று இன்னும் ரெண்டு கூடை கொட்டினேன். விடியலில் கதவைத் திறந்தேன். நரி நின்றது. வாயில் ஏதோ தொங்கியது, எலி என்று நினைத்தேன். நல்ல சகுனம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன், நதியா. கும்பிட்டேன்! அப்புறம்தான் கேவுரு கத்திக்கொண்டு ஓடி வந்தாள். அவள் நிறத்திலேயே இருந்த குட்டி அது.

சந்தைக்குப் போகவில்லை. ஜீப்பில் ஏற்றிய பழத்தைப் பூபாலனிடம் சொல்லி இறக்கிவிட்டேன். சோறும் இறங்கவில்லை. உட்கார்ந்து அழுவதற்கு நான் என்ன பொம்பளையா என்று எழுந்தேன். வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல் இருந்தது, பக்கத்து வீட்டுக் குப்பனிடம் அரை மூட்டை சிமெண்ட் வாங்கினேன். கேவுருவுக்கும் குட்டிகளுக்கும் சுவர் எழுப்பி, மேலே தகரம் போட்டு, பழைய பலகையை அறுத்துக் கதவு செய்து, கீல் வைத்து, தாழ்ப்பாளும் போட்டுவிட்டேன். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. குப்பன் குனிந்து பார்த்துவிட்டு, "யப்பா, மனுசனே உள்ள பூந்துக்கலாம் போலகீது" என்றான். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகிறது.

சக்கையையும் அள்ளிவிட்டேன். இனி நரி இல்லை, நரியின் அப்பன் வந்தாலும் ஒன்றும் ஆகாது. நீ தைரியமாகக் கிளம்பி வா.

அர்ச்சுனன்


ஆலங்காயம்
29-6-2025

அன்புள்ள மாமாவுக்கு,

குட்டிக்காக அழுதேன். உங்களைத் திட்டவும் திட்டினேன். ஆனால் சந்தையை விட்டுவிட்டு அந்த இரண்டு குட்டிக்காக நாள் பூராவும் மண் குழைத்தீர்களே, அதற்காக மனசு இளகியும் போனது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். சுவர், தகரம், கதவு, கீல். ஒரே பகல். நம் வீட்டில் செங்கல் இருந்திருக்கிறது. கேட்டால் குப்பன் அண்ணன் சிமெண்ட் கொடுத்திருக்கிறார். உங்களுக்குக் கதவு வைக்கவும் தெரிந்திருக்கிறது. எனக்கு இத்தனை வருஷம் ஆகாதது பூனைக்கு ஒரு பகலில் ஆகிவிட்டது. அந்தப் புதரில் என்னை ஏதாவது கவ்விக்கொண்டு போயிருந்தால்தான் எனக்குச் சுவர் எழும்பியிருக்குமா, மாமா?

நான் இனிக் கேட்கப்போவதில்லை. என் சம்பளத்தில் வாணியம்பாடியில் ஒரு கதவு வாங்கிவிட்டேன். நீலப் பெயிண்ட் அடித்த இரும்புக் கதவு. மேஸ்திரி வேடியப்பனிடமும் பேசிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூபாலன் அண்ணன் ஜீப்மேல் கட்டிக்கொண்டு வருகிறோம். கொல்லைப்பக்கத்தில் இடம் நான் காட்டுகிறேன், குழி நீங்கள் வெட்டுங்கள். அன்றைக்கே கீழே இறங்கிவிடுவேன். வேலை முடிந்த பிறகு துணிமணியோடு வருவேன், அதற்கு முன்னால் இல்லை. கம்பெனி வேலையையும் விடமாட்டேன். மலையிலிருந்து தினமும் வேன் வருகிறது.

பூனை வீட்டுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் போட்டிருப்பீர்கள். பூனைக்கு அது சரி. இந்தக் கதவுக்கு உள்பக்கம் போட வேண்டும். என் கைக்கு எட்டும் உயரத்தை நானே வந்து காட்டுகிறேன்.

கதவு கனம். ஜீப் வந்து நின்றதும் அதை இறக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி நான்.

உங்கள்
நதியா