கணேசனின் மகள்

இல்ஃபோர்ட், ஜூன், ஞாயிறு இரவு

வென்றுவிட்டேன்! லண்டனில் இருந்தாலும் நான் அமெரிக்கக் குடிமகன். ஆண்டுதோறும் அங்கேயும் வரிக்கணக்கு அனுப்ப வேண்டும். இம்முறை மகளைச் சேர்த்ததும், அவளுடைய கடைசிப் பெயர் தங்கள் பதிவோடு பொருந்தவில்லை என்று இரண்டு தடவை நிராகரித்துவிட்டார்கள்.

"மகளின்ர கடைசிப் பேரை உங்கட மாதிரி மாத்திவிடுங்கோ, அண்ணை" என்றார் ஈஸ்ட் ஹாம் கணக்காளர்.

மனைவி கொதித்தாள். "அவருக்காக என்ர பிள்ளையின்ர பேரை மாத்த ஏலாது!"

இன்று நானே கணினியில் உட்கார்ந்தேன். எங்கள் வழக்கப்படி என் பெயர்தான் மகளுக்குக் கடைசிப் பெயர். மென்பொருளோ எனக்கு இருப்பதுபோல அவளுக்கும் என் அப்பாவின் பெயரைத் தானாகவே போட்டிருந்தது. அதை அழித்து, 'கணேசன்' என்று அடித்து அனுப்பினேன். மாலையில் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது.

மகள் துள்ளினாள். "அப்பா, நான் ஆர் எண்டு இப்ப அமெரிக்காவுக்குத் தெரியுமோ?"

"ஓம். கணேசன்ர மகள்."