அடிவரியில் கூடியிருந்த காசு

7 ஜூலை, திங்கள்
மேற்கிலிருந்து கச்சான் காற்று. வாயெல்லாம் மண். எட்டரைக்கு எங்கள் வங்கிக் கிளைக் கண்ணாடியில் முதல் கல். வைப்புக் காசு இப்போதைக்குத் திருப்பித் தரப்படாது என்ற கொழும்புக் கடிதத்தை மனேஜர் கதவில் ஒட்டியதுதான் தாமதம். அவருக்கு நெற்றியில் ஏழு இழைத் தையல். எனக்குக் கீறல் மட்டும்.

கூட்டத்தில் சல்லி ஊர் மீனவர் கந்தசாமியண்ணை. கல் எறியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு படகு எஞ்சினுக்குச் சேர்த்த காசு அவருடையது. ஏப்ரலில் எடுக்க வந்தவரை இன்னொரு வருசத்துக்குப் போடவைத்தவன் நான். எங்கள் வங்கியின் தாய்க் கம்பனியுடைய காசுப் பாய்ச்சல் அறிக்கையை விரித்து அடிவரியைக் காட்டினேன். "பாருங்கோ அண்ணை, போன வருசத்தை விடக் காசு கூடியிருக்கு."

வாங்க: பிளாஸ்டர், சவர்க்காரம், பெரிய பூட்டு.

8 ஜூலை, செவ்வாய்
கிளை பூட்டு. அறிக்கையைத் திரும்ப எடுத்தேன். அடிவரிக்கு மேலே மூன்று தொகை. தொழிலில்: வந்ததை விடப் போனது அதிகம். முதலீட்டில்: காணி விற்ற காசு. மூன்றாவது, பெரியது: புதுக் கடன். கூட்டினால் காசு கூடித்தான் இருக்கிறது. விற்றும் கடன்பட்டும் கூடிய காசு. அதுவும் கொழும்பில் தாய்க் கம்பனியிடம், எங்கள் வங்கியில் இல்லை. அப்போது விளங்கவில்லை. அடிவரியை மட்டும் பார்த்த மடையன்.

குசினியிலிருந்து மனைவி: "நல்லகாலம், கூரைக்கெண்டு எங்கட காசை எடுத்திட்டியள். கடவுள் செயல்."

தேத்தண்ணிக் கோப்பையைச் சுவரில் அடித்தேன். துண்டு பொறுக்கினாள்.

9 ஜூலை, புதன்
கோப்புகள் எடுக்கக் கிளைக்குப் போனது பிழை. வாசலில் கந்தசாமியண்ணை. கொலரைப் பிடித்தார்.

"கூடியிருக்கெண்டு சொன்னனி. எப்பிடிக் கூடினது?"

"கடன் வாங்கியிருக்கிறாங்கள் அண்ணை."

"வலையில ஒண்டும் படாதவன் வெக்கத்தில அடுத்த படகில மீன் வாங்கிக்கொண்டு கரைக்கு வருவான். சல்லியில சின்னப் பிள்ளையும் கேக்கும், ஆரின்ர வலையில பட்டதெண்டு. படிச்ச உனக்குத் தெரியாதோ?"

முகத்தில் குத்து. முன்பல் போயிற்று. விழுந்தேன். வயிற்றில் உதை, இன்னொன்று, இன்னொன்று. வாய்க்குள் இரத்தமும் மண்ணும்.

"உண்மையா உனக்குத் தெரியாதோ?"

"அம்மாளாணை, தெரியாது அண்ணை."

தூக்கிய காலை இறக்கினார். சல்லிக் கோயில் அம்மாளின் பேரில் சத்தியம் செய்த பிறகு அவர் அடிக்கமாட்டார். கையைத் தொங்கவிட்டபடி நின்றார். அப்போதுதான் எங்கள் காவல்காரன் பின்னால் வந்து பொல்லால் அடித்தான். அண்ணையின் வலது கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

10 ஜூலை, வியாழன்
காற்று விடவில்லை. கஞ்சி மட்டும். ஆஸ்பத்திரியில் அண்ணைக்குக் கை எலும்பில் கம்பி வைக்கிறார்களாம். இனி வலை இழுக்க ஏலாதாம்.

செவ்வாய் எழுதியது பொய். மூன்று தொகையும் ஏப்ரலிலேயே விளங்கியது. எங்கள் கூரை ஒழுகவும் இல்லை. அவரை அனுப்பிவிட்டு அன்று பின்னேரமே என் காசை எடுத்தேன். கிளைப் பெட்டகத்தில் அன்று ஒருவருக்குக் கொடுக்கத்தான் காசு இருந்தது.