சிலிபின் வீட்டுப் புகை அலாரம்

அன்பான என் தம்பி முரளிக்கு,

எப்படியிருக்கிறாய் என்று கேட்கத்தான் வாய் வருகிறது. கேட்டு என்ன ஆகப்போகிறது? நேராக விசயத்துக்கு வருகிறேன். உன் அக்கா கோபத்தில் இருக்கிறாள்டா. இதைக் கொட்ட எனக்கு வேறு ஆள் இல்லை. நீ இருந்திருந்தால் "சரிக்கா, விடு லா" என்று சொல்லிச் சிரித்திருப்பாய். விட முடியவில்லை.

அன்றைக்கு நீ நைட் ஷிஃப்ட் முடித்து, சிலிபினில் நீ தங்கியிருந்த வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு மாடியறையில் படுத்தாய். உன்னோடு அங்கே இருந்த மற்றவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். கீழ் ஹாலில் ஐஸ்பெட்டி, ரைஸ் குக்கர், காற்றாடி எல்லாம் ஒரே பிளக்கில். அந்த வயர் உருகி, பக்கத்திலிருந்த சோபாவில் தீ பிடித்துக்கொண்டது. தீ மாடிக்கு வரவே இல்லை. புகைதான் ஏறி வந்தது. "சட்டையில ஒரு கருகல்கூட இல்லம்மா" என்று தீயணைக்க வந்த பொம்பாக்காரர் சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. உன்னை யாராவது எழுப்பியிருந்தால் போதும், அவ்வளவுதானே?

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். ஆயுசு அவ்வளவுதான், எழுதினது அவ்வளவுதான். நானும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன். எழுதினவன்மேல் பாரத்தைப் போட்டுவிட்டால் புகை அலாரமில்லாத அந்த வீட்டுச் சீலிங்கைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை, பார்த்தாயா?

உன்மேலும் கோபம்தான். எத்தனை வருசம் அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தாய். ஒரு தடவையாவது மேலே அண்ணாந்து பார்த்து, இங்கே ஒன்றுமில்லையே என்று கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். தாப்பாவில் நம் வீட்டில் மட்டும் என்ன இருந்தது?

அம்மா இப்போது கண்ணில் பட்ட பிளக்கையெல்லாம் பிடுங்கிவிடுகிறாள். ஐஸ்பெட்டிப் பிளக்கையும் சேர்த்து. நான் ஸ்கூல் கேன்டீனில் வேலை முடிந்து வந்து பார்த்தால் வாங்கி வைத்த மீன் நாறிப்போயிருக்கும். எதுவும் சொல்லாமல் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவேன்.

உங்கள் வீட்டு ஓனர் உன் காரியத்துக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதார். கெட்ட மனுசன் இல்லை. அதனால்தான் இன்னும் எரிச்சல். சுவருக்குப் பெயின்ட் அடித்து, அறைகளை மறுபடியும் வாடகைக்கு விட்டார். "அண்ணே, புகை அலாரம் மாட்டுங்க அண்ணே" என்று போன் போட்டுக்கொண்டே இருந்தேன். பார்ப்போம் என்றார், ஆள் கிடைக்கலை என்றார், மழை என்றார். வீட்டுக்குள் மாட்டுகிற பொருளுக்கு மழை என்னடா செய்யும்? கடைசியில் ஒருநாள் வாட்ஸாப்பில் படம் வந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று, சீலிங்கில் வெள்ளையாக, வட்டமாக. அம்மாவிடம் காட்டினேன். படத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் கூத்து. வீட்டுக்குத் தோசம் கழிக்க வேண்டும் என்று ஓனர் ஹோமம் வைத்து, எங்களையும் அழைத்தார். அம்மா வரவில்லை. நான் போனேன். பூசாரி நெய்யை ஊற்ற ஊற்ற ஹால் முழுக்கப் புகை. கண்ணைத் திறக்க முடியவில்லை. எல்லோரும் முந்தானையாலும் துண்டாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஏதோ உறுத்த, அண்ணாந்து பார்த்தேன். அலாரத்துக்குக் கீழேயே புகை மண்டிக்கொண்டிருக்கிறது. அது வாயே திறக்கவில்லை. கரண்டு இருந்தால் எரிய வேண்டிய பச்சை விளக்கும் எரியவில்லை.

"அண்ணே, இது ஏன் கத்தல?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன் போலிருக்கிறது. மந்திரம் நின்றது.

"பூசை முடியட்டும்மா, அப்புறம் பேசலாம்" என்றார் ஓனர்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி அதைத் திருகினேன். கையோடு வந்துவிட்டது. உள்ளே வயருமில்லை, பேட்டரியுமில்லை. வெறும் டப்பா.

"கத்திக்கிட்டே இருந்துச்சும்மா. இங்க தங்கியிருக்க பசங்க மிளகாய்ச் சம்பல் வதக்கினாலே ஊளையிடும். மேல உள்ளது டிக் டிக்குனு சத்தம் போட்டுச்சு, தூங்க முடியலன்னானுங்க. அதான் கனெக்‌ஷன எடுத்துட்டேன். நீங்களும் விடாம போன் போட்டுக்கிட்டு இருந்தீங்க. உங்க மனசு ஆறட்டுமேன்னுதான் டப்பாவ மட்டும் விட்டு வெச்சேன்" என்றார் ஓனர்.

"என் மனசு ஆறவா மாட்டச் சொன்னேன்? மேல படுத்திருக்கவன் உசுரோட எந்திரிக்கணும்னு சொன்னேன்!"

அந்தப் பிள்ளைகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பூசாரி மெல்ல, "அந்தம்மா கேக்குறது நியாயம்தானே" என்றார். ஓனர் முகம் செத்துப்போனது. "ஆள கூட்டிட்டு வாங்க. செஞ்சிக்குங்க" என்றார்.

உன்னோடு படித்த யமுனாவைத்தான் கூட்டிப்போனேன். தைப்பிங்கில் வயரிங் படித்து, லைசென்ஸ் எடுத்து இப்போது வயர்மேன் வேலைதான் பார்க்கிறாள். வாயும் ஓயாது, கையும் ஓயாது. வந்ததும் மெயினை அடைத்து, யாரும் தொடாதபடி பெட்டியில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டாள். அடைத்த பிறகும் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வயரில் கை வைத்தாள். "அடைச்சாச்சுன்னு வாயால சொல்றத நம்பிக் கைய வெக்கக்கூடாதுக்கா" என்றாள்.

மேலே பிரித்துப் பார்த்ததும் திட்ட ஆரம்பித்தாள். "எவன்கா இத செஞ்சது? லைட் சுவிச்சுக்கு அப்புறம் போற வயர்ல கொடுத்திருக்கான். லைட்ட அடைச்சா அலாரத்துக்கும் கரண்டு போயிரும். அப்புறம் பேட்டரிய தின்னும். பேட்டரி தீர்ந்தா டிக் டிக்குனுதான் கத்தும்." கீழே உள்ளதைச் சமையலறை வாசலிலேயே மாட்டியிருந்தார்கள். சம்பல் புகைக்கு அது கத்தாமல் என்ன செய்யும்? சரியாக மாட்டாதது மனுசன் குற்றம். கழற்றிப் போட்டதோ அலாரத்தை.

எல்லாவற்றையும் புதிதாக மாற்றினாள். சுவிட்ச் அடைத்தாலும் போகாத கரண்டு, அதுவும் போனால் உள்ளே பேட்டரி. அறைகளுக்கு வெளியே மாடி நடையில் ஒன்று, கீழ் ஹாலில் காற்றாடிக்கும் சமையலறைக்கும் எட்டத் தள்ளி ஒன்று. சமையலறைக்குப் புகையைப் பார்க்காமல் சூட்டை மட்டும் பார்க்கிற வேறு ஜாதி. எல்லாவற்றையும் ஒரே வயரில் கோத்துவிட்டாள், ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும்படி. மெயினைப் போட்டதும் பச்சை விளக்குகள் எரிந்தன.

நாங்கள் தூசியைக் கூட்டிக்கொண்டிருந்தபோது சுரேன் வந்தான். இப்போது உன் அறையில் இருப்பவன். அவனுக்கும் நைட் ஷிஃப்ட். "தூங்கப் போறேன்கா" என்று மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். காற்றாடி முழு வேகத்தில் சுற்றுகிற சத்தம் கீழே வரை கேட்டது. அலாரத்தை அடித்துப் பார்க்கப்போகிறோம் என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்க எனக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "நீங்களே அமுக்கிப் பாருங்க" என்று யமுனா துடைப்பக் கட்டையைக் கொடுத்தாள். கீழே உள்ள அலாரத்தின் பொத்தானை அமுக்கினேன். அம்மாடி, என்ன சத்தம்! மேலேயும் அலறியது. மாடிக்கதவு படாரென்று திறந்தது. ஒரு கையில் கைலியைப் பிடித்துக்கொண்டு சுரேன் படியில் உருண்டு விழாத குறையாக ஓடி வந்தான். "வெளிய போங்க! அக்கா, வெளிய போங்க!" என் கையைப் பிடித்துத் தரதரவென்று ரோட்டுக்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

யமுனா சிரித்துக்கொண்டே பின்னால் வந்து, டெஸ்ட் என்றாள்.

"டெஸ்ட்டா? சொல்லிட்டுச் செய்ய மாட்டீங்களா? இப்பத்தான் கண்ண மூடினேன், மனுசன் நெஞ்சு வெடிச்சிருக்கும் லா!"

திட்டினான்டா முரளி. தலையெல்லாம் கலைந்து, கண் சிவந்து, செருப்பில்லாமல் நடுரோட்டில் நின்று என்னைத் திட்டினான். நான் அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதேன். பயந்துபோய், "சரிக்கா, சரிக்கா, பரவால்ல" என்றான்.

கோபம் தீர்ந்தது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்தச் சத்தம் உனக்குக் கிடைத்திருக்க வேண்டியது. கதவு சாத்தியிருந்தாலும், காற்றாடி சுற்றினாலும், எத்தனை அசதியில் கிடந்தாலும் எழுப்பிவிடும் என்று இப்போது என் கண்ணால் பார்த்துவிட்டேன். அதனால் கோபம் கூடத்தான் செய்திருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். மாதம் தவறாமல் அந்த வீட்டுக்குப் போவேன். பஸ் பிடித்தாவது போவேன். ஓனர் முகத்தைத் தூக்கிக்கொள்ளட்டும், சுரேன் காதைப் பொத்திக்கொண்டு கத்தட்டும். அந்தப் பொத்தானை அமுக்கி, உள்ளே இருக்கிறவன் எழுந்து வெளியே வருகிறானா என்று பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவேன்.

எழுப்ப ஆளில்லாமல் உன்னைத் தூங்கவிட்டு நிற்கும்
உன் அக்கா,
கலா