கூலி நெல்லும் பின்னக் கணக்கும்

1952 செப்டம்பர், செவ்வாய் இரவு.

கோபம் இன்னும் தணியவில்லை. சோறும் இறங்கவில்லை.

காலையில் நான்காம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். பண்ணையார் கேட்காமலே உள்ளே வந்தார். முன்வரிசையில் இருந்த தம் மகனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசி வரிசையில் இருந்த கூலிக்காரர் பிள்ளைகளைக் கைகாட்டி எழுப்பினார்.

“டீச்சரே, அறுப்புக்கு ஆளு காணாது. இதுவள கூட்டீட்டுப் போறேன்.”

“கணக்கு நடக்கு. பள்ளிக்கூடம் விட்ட பிறவு கூட்டீட்டுப் போங்க,” என்றேன்.

“இதுவளுக்கு எதுக்குக் கணக்கு? கூலி நெல்ல அளந்து குடுக்க நாங்க இருக்கோம்லா?” என்று சிரித்தார்.

அதற்காகத்தானய்யா கணக்கு! வாய்வரை வந்தது. அதற்குள் ஹெட்மாஸ்டர் ஓடிவந்து பிள்ளைகளை அனுப்பிவிட்டார். வெட்கங்கெட்ட மனிதர்.

அந்தப் பிள்ளைகளில் பொன்னம்மை மட்டும் வாசலில் நின்றாள். “டீச்சர், மிச்சக் கணக்க நான் வந்த பிறவு சொல்லித் தருவியளா?”

“நீ வராம அடுத்த கணக்கு கெடையாது, மக்கா.”

மற்றவர்களுக்கு நேற்றைய பாடத்தையே மறுபடி நடத்தினேன். சாயங்காலமே பண்ணையார் வீட்டிலிருந்து ஆள் வந்தாயிற்று, பையனுக்கு ஏன் புதுப் பாடம் இல்லை என்று கேட்டு.

“வேற ஊருக்கு மாத்தீருவாவ, டீச்சர்,” என்று ஹெட்மாஸ்டர் கெஞ்சினார்.

மாற்றட்டும். அதுவரை இந்த வகுப்பு என்னுடையது. அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனாலும் பொன்னம்மை வராமல் அவனுக்கு ஒரு கணக்குகூடப் புதிதாகச் சொல்லித்தர மாட்டேன்.