மீன்நெய் பூசிய கால்

முட்டம்,
சப்பரம் முடிந்த மறுநாள்.

அன்பு மகள் லீமாவுக்கு மாதா காவலாக இருப்பாளாக.

உன் அப்பன் சொல்லச் சொல்ல உன் அம்மை செசிலி எழுதுகிறாள். எனக்கு எழுத்தும் வராது, மறதியும் வராது என்பது உனக்குத் தெரியும். போனில் சொல்லிவிடலாமே என்றாள் உன் அம்மை. காற்றோடு போகிற சேதியா இது, தாளில் நிற்கட்டும் என்றேன்.

முதலில் சேதி. நீ செய்து அனுப்பிய பொய்க்கால் தாங்கி நின்றுவிட்டது, லீமா மக்களே! நேற்று மாதா சப்பரத்தின் முன்கொம்பில், என் பழைய இடத்தில், நான் தோள் கொடுத்தேன். கோயிலில் இருந்து இறக்கம் இறங்கி, கடற்கரை சுற்றி, திரும்பக் கோயில் வரைக்கும் கொம்பை யாரிடமும் மாற்றவில்லை.

கடல் கலங்கிக் கிடக்கிறது, வள்ளம் இறங்கவில்லை. உன் அம்மைக்கு முட்டுவலி. அதை எழுத மாட்டேன் என்கிறாள், எழுது என்கிறேன்.

போன வருஷம் நீ கொண்டுவந்த முதல் கால் எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. திருக்கை முள் குத்திப் பழுத்து, வெட்டி எடுத்த காலுக்குப் பதிலாக அதை மாட்டிக்கொண்டு வள்ளம் தள்ளப் போனேன். வாழைமரத்துத் தடை உரிவதுபோல அடுக்கடுக்காகப் பிரிந்தது. மணலில் குப்புற விழுந்தேன். "ஏலே அந்தோணியடிமை, ஒம் மவ காலு செஞ்சாளா, அப்பளம் செஞ்சாளா?" என்று கூட வள்ளம் தள்ளிய சிலுவைமுத்து கேட்டான். கரையே சிரித்தது. சேதி கேட்டு நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து, அன்றைக்கே பெங்களூருக்குப் பஸ் ஏறினாய். அதற்குப் பிறகு ஊர்ப்பக்கம் வரவில்லை.

ஆனால் போனில் நீ சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. கால் செய்யும் கார்பன் நாருக்குப் பலம் உண்டு, ஆனால் மேனி வழுவழுப்பு, ரெசின் பசை அதைப் பிடிக்காது என்றாய். பைபர் வள்ளத்தில் ஓட்டை அடைக்கும்போது உரசாமல் ரெசின் பூசினால் ஒட்டு பெயர்ந்து வருமே, அதே கதைதான் அப்பா என்றாய். தலைமுடியைவிட மெல்லிய நாரை உரைதாளால் தேய்க்க முடியுமா? அதனால் மின்சாரம் ஓடும் தண்ணீரில் குளிப்பாட்டுகிறேன் என்றாய். குளிப்பு குறைந்தால் பிடிக்காது, கூடினால் நாரே நொந்துபோகும். அந்தப் பக்குவம் கைவருவதற்குள் உன் மிஷினில் எத்தனை கால் ஒடிந்தது! கடைசியில் பிடிபட்டது. ஆசுபத்திரியில் அந்தக் காலை எனக்குப் பொருத்தி, நடக்கவைத்து, சுமை தூக்கவைத்துப் பார்த்து, சரி என்றார்கள். கால் வந்தது, நீதான் வரவில்லை.

இனிச் சொல்வதைக் கேட்டு ஏசாதே. சப்பரத்துக்கு முந்தின சாயங்காலம் அந்தக் காலுக்கு மீன்நெய் பூசிவிட்டேன். மரவள்ளத்துக்குப் பூசிப் பழகிய கை, திருநாளும் அதுவுமாகச் சும்மா இருக்குமா? உன் அம்மை தலையில் அடித்துக்கொண்டாள். "கெடுத்தியளே! வெரலுல உள்ள எண்ணெ பட்டாலே நாருல ரெசின் ஒட்டாதுன்னு மவ படிச்சுப் படிச்சுச் சொன்னாளே! நீங்க கொடத்தோட கவுத்திட்டியளே!" என்று கத்தினாள். சோப்பு போட்டுத் தேய்த்தோம். நெய் போனது, நாற்றம் போகவில்லை. உன்னைக் கூப்பிட்டுக் கேட்க எனக்கு வெட்கம்.

சப்பரத்தின் மறுகொம்பில் சிலுவைமுத்து. கால் விட்டால் கொம்பைத் தாங்கிக்கொள் என்று அவன் காதில் சொன்னேன். "மாதாவ நான் பிடிச்சுக்கிடுவேன். ஒன்ன ஒம் மவ வந்து பிடிக்கட்டும்" என்றான்.

இறக்கத்தில் பின்னால் வருகிறவர்களின் பாரமும் முன்கொம்புக்காரன் தோளுக்குத்தான் வரும். கால் வளைந்தது. கிறீச் என்று ஒரு சத்தம். கால் ஒடிந்தது என்றே நினைத்தேன். பார்த்தால், கொம்பு கட்டிய கயிறு இறுகிய சத்தம்! கால் வளைந்து நிமிர்ந்து அடுத்த அடிக்கு என்னைத் தள்ளிவிட்டது. பேண்டுக்காரன் தோற்றான், அப்படி நடந்தேன்.

சப்பரம் இறக்கியதும் சிலுவைமுத்து குத்தவைத்து உட்கார்ந்து, காலை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். "ஒரு அடுக்குகூட எளகலியே! மத்தி நாத்தம் மட்டுந்தான் அடிக்கு" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "காலு போன எங்க அண்ணனுக்கும் ஒண்ணு செய்யச் சொல்லுடே" என்றான். உள்ளே பிடித்து இறுகிவிட்ட ஒட்டை வெளியே பூசிய நெய் என்ன செய்யும்? இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

வெட்டின நாளில் இருந்து நான் வாங்கிய செருப்பிலெல்லாம் இடதுகால் செருப்பு தேயாமலே கிடந்தது. உன் அம்மை அவற்றைச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறாள். இப்போது இரண்டு செருப்பும் தேய்கிறது.

மாதா உன் கைகளை ஆசீர்வதிக்கட்டும். வருகிற நாளைச் சொல்லு. கணவாய்க் குழம்பு வைத்துவிட்டு உன் அம்மை வீட்டில் இருப்பாள், நான் நடந்து பஸ் நிறுத்தத்துக்கு வருவேன். உன் பெட்டியை என் தோளில் வை மக்களே. வேண்டாம் அப்பா என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பன்
அந்தோணியடிமை